சென்னை வெயிலில் நன்கொடை விருந்துகளுக்குப் போக எப்படிப்பட்ட சூட் தைத்துக்கொள்வது?

வருடத்துக்கு மூன்று நான்கு நன்கொடை விருந்துகளுக்குப் போக வேண்டியிருக்கிறது, அழைப்பிதழில் 'ஃபார்மல்' என்று போட்டிருக்கிறது, ரெடிமேட் தோளில் உட்கார மாட்டேன் என்கிறது, 25,000 ரூபாய்க்குள் தைத்துக்கொள்ள என்ன துணி எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். துணியைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் லைனிங்கை, அதாவது கோட்டுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணியைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு உதவும் ஒரு சின்ன அறக்கட்டளையில் எட்டு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன், சம்பளம் இல்லாத வேலை. எங்கள் வருடாந்திர விருந்து போக, மற்றவர்கள் நடத்துவதற்கும் முறை செய்யப் போக வேண்டும், அவர்கள் நம் விருந்தில் ஒரு மேஜைக்குப் பணம் கொடுத்தால் நாம் அவர்கள் விருந்தில் ஒரு மேஜைக்கு, கல்யாண மொய் மாதிரிதான். அதற்காக முதல் சூட்டைத் தைத்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. கடையில் கறுப்பில் பளபளவென்று இருந்த டெரி விஸ்கோஸை (பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி) எடுத்து, வீட்டுக்குப் பக்கத்தில் பேன்ட் தைக்கிறவரிடமே கொடுத்தேன். அந்த மார்ச் மாதம் ஈசிஆரில் கடலோரப் புல்வெளியில் விருந்து. ஆறரை மணிக்கு வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது என் வேலை. கடல் காற்று வரும் என்று சொன்னார்கள், காற்று வந்தது, ஆனால் கோட்டுக்குள் வரவில்லை. ஏழு மணிக்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, கோட்டைக் கழற்றலாம் என்றால் நனைந்த சட்டை ஊருக்கே தெரியும், அதனால் மூடிக்கொண்டே இரவு பத்து மணி வரை நின்றேன். மேடையில் காசோலை வாங்கும் போட்டோவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இன்னும் தலைக்கு ஊற்றாதவன் மாதிரி இருக்கிறேன், அந்தப் படம் இன்னும் எங்கள் அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

அதற்குக் காரணம் வெளித்துணி பாதி, உள்ளே இருந்தது மீதி. முழு கோட்டுக்கும் பாலியெஸ்டர் லைனிங், மார்பு விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸைத் தைக்காமல் பசையால் ஒட்டியிருந்தார்கள். பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சவே உறிஞ்சாது, மழைக்கோட்டை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்ட கதைதான். நீங்கள் மீட்டர் 5,000 ரூபாய்க்கு இத்தாலியக் கம்பளித் துணி எடுத்தாலும், உள்ளே மீட்டர் 80 ரூபாய் லைனிங்கை வைத்து மூடிவிட்டால் அந்தத் துணிக்கு மூச்சு விட வழியில்லை. அந்த ஒட்டுக் கேன்வாஸ் இன்னொரு வேலையும் செய்தது: மூன்றாவது தடவை ட்ரை கிளீனிங் போய் வந்ததும் பசை விட்டு, மார்புப் பக்கம் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. அதைச் சரிசெய்ய முடியாது, கோட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இரண்டாவது சூட்டைப் புரசைவாக்கத்தில் வயதான ஒரு கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்தேன். முதுகில் பாதி லைனிங் போதும், மேலே தோள்பட்டையை மட்டும் மூடினால் போதும், கீழே வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "லைனிங்கைக் குறைச்சா கூலி குறையும்னு நினைக்கிறீங்களா சார்? கூடும்" என்றார். கோட்டை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். லைனிங் இருந்தால் உள்ளே பிசிறு, மடிப்பு, கோணல் தையல் எல்லாம் அதற்குள் மறைந்துவிடும், லைனிங் இல்லாத இடத்தில் ஒவ்வொரு தையலுக்கும் பட்டி கட்டி மடித்துச் சுத்தமாக முடிக்க வேண்டும், அதற்கு ஒரு நாள் கூடுதல் வேலை. 1,200 ரூபாய் அதிகம் கேட்டார், கொடுத்தேன், நான் கொடுத்ததிலேயே உருப்படியான 1,200 அதுதான். இதை வைத்தே தையற்காரரை எடை போடலாம். பாதி லைனிங் என்றதும் "அதெல்லாம் நல்லா இருக்காது சார், ஃபுல் லைனிங்தான் ரிச்சா இருக்கும்" என்று மட்டும் சொல்கிறவர் என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.

கைகளுக்குள் மட்டும் லைனிங் இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சட்டையில் சிக்கிக் கோட்டுக்குள் கை நுழையாது. அங்கே பாலியெஸ்டருக்குப் பதில் பெம்பெர்க் கிடைக்குமா என்று கேளுங்கள். பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சிலிருந்து ஜப்பானில் செய்வது, பட்டு மாதிரி வழுக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் விஸ்கோஸ் லைனிங் போதும். கேன்வாஸை மார்புக்கு மட்டுமாவது தைத்து வைக்கச் சொல்லுங்கள், ஒட்ட வேண்டாம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தோளில் பேட் மெல்லிசாக இருக்கட்டும்.

சரி, துணிக்கு வருகிறேன். கம்பளி என்றதும் ஊட்டி ஸ்வெட்டர் ஞாபகம் வந்து பயப்படுகிறார்கள். கம்பளி நூல் தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, கசங்கினாலும் ஒரு ராத்திரி தொங்கவிட்டால் தானே நிமிர்ந்துவிடும். கடையில் 'ட்ராபிகல் வூல்' என்று கேளுங்கள், சாதா நெசவு, நன்றாக முறுக்கிய நூல், இழைகளுக்கு நடுவே சந்து இருக்கும். எடை மீட்டருக்கு 240 முதல் 280 கிராம் வரை. அதற்கும் கீழே 200 கிராமில் ஒன்றைக் காட்டி "இறகு மாதிரி சார்" என்பார்கள். உடம்பில் நேர்த்தியாக விழுந்து நிற்காது, முழங்காலில் தொளதொளத்துவிடும், அதோடு எடை குறைந்த துணியை நெருக்கமாக நெய்திருந்தால் அது கனமான துணியை விடப் புழுங்கும். எடையை விட நெசவுதான் முக்கியம். இதற்கு என் சோதனை கொஞ்சம் கூச்சமானது, ஆனால் செய்யுங்கள்: ஒரு முனையை வாயில் வைத்து ஊதுங்கள், அந்தப் பக்கம் உள்ளங்கையில் காற்று படுகிறதா பாருங்கள். அப்புறம் ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் சல்லடை மாதிரி பொடிப்பொடியாக வெளிச்சம் தெரிய வேண்டும். கடைசியாகக் கைக்குள் ஒரு நிமிடம் கசக்கிப் பிடித்து விடுங்கள், கசங்கல் தானே நிமிர வேண்டும். விற்பனைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும்.

'சூப்பர் 100', 'சூப்பர் 150' என்று ஓரத்தில் போட்டிருப்பதைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அந்த எண் கம்பளி முடி எவ்வளவு மெல்லிசு என்பதற்கு மட்டும்தான், 100 என்றால் 18.75 மைக்ரான், 150 என்றால் 16.25 மைக்ரான். குளிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எண் கூடக் கூடத் தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும், நம் ஊர் வியர்வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் சீக்கிரம் நைந்து போகும். 100, 110 போதும். இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டில் நெய்யும் ஃபிரெஸ்கோ இந்த வேலைக்கென்றே பிறந்த துணி, உங்கள் பட்ஜெட்டில் அடங்காது, ஆனால் எங்காவது மாதிரித் துண்டு கிடைத்தால் ஊதிப் பாருங்கள், எதைத் தேட வேண்டும் என்று புரிந்துவிடும். சென்னையில் துணிக்கடைகள் நிறைந்த கோடவுன் தெருவில் ஏறி இறங்கினால் நம் நாட்டு மில் துணியிலேயே அதற்குப் பக்கத்தில் வருவது கிடைக்கிறது. நான் மீட்டர் 2,900க்கு எடுத்தேன், 3.25 மீட்டர், தையலோடு சேர்த்து 20,000க்குக் கொஞ்சம் மேலே போனது.

லினன் அழகுதான். மத்தியான விருந்து, புல்வெளி, வெளிர் நிறம் என்றால் போடலாம். ராத்திரி விருந்தில் மூன்று உரையும் ஒரு ஏலமும் முடிந்து எழுந்திருக்கும்போது, மூட்டையிலிருந்து அப்போதுதான் உருவியது போல இருக்கும். காட்டன் சூட் நனைந்தால் காயாது, அதை விட்டுவிடலாம்.

நிறத்தில் கறுப்பு வேண்டாம். இதற்குக் காரணம் வெயில் இல்லை. எங்கள் ஊர் ஹோட்டல்களில் பரிமாறுகிறவர்கள், பாங்கெட் மேனேஜர், செக்யூரிட்டி எல்லாரும் கறுப்பு சூட்தான். அந்த முதல் சூட்டில் நான் ஒரு மேஜை ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மா காலி டம்ளரை என் கையில் கொடுத்து "ஃபிரெஷ் லைம், உப்பு போட்டு" என்றார். வாங்கிக்கொண்டு போய் எடுத்து வந்தும் கொடுத்தேன், வேறென்ன செய்வது. அப்புறம் அவரே எங்களுக்கு நல்ல தொகை எழுதினார், நான்தான் கணக்காளர் என்று கடைசி வரை சொல்லவில்லை. அதனால் அடர் நீலம் எடுங்கள், கிட்டத்தட்ட கறுப்புக்குப் பக்கத்தில் போகும் நள்ளிரவு நீலம் கிடைத்தால் இன்னும் நல்லது, மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் அது கறுப்பை விடக் கறுப்பாக, பளிச்சென்று இருக்கும். பளபளப்பு, கட்டம், மெரூன் எதுவும் வேண்டாம், ரிசப்ஷன் மாப்பிள்ளை வழி தப்பி வந்துவிட்டார் என்று நினைப்பார்கள். அதோடு இந்த விருந்துகளில் வருடா வருடம் அதே நூறு பேரைத்தான் பார்ப்பீர்கள், ஞாபகத்தில் நிற்கிற சூட்டை இரண்டாம் முறை போட முடியாது, சாதாவான நீலத்தைப் பத்து வருடம் போடலாம். வெஸ்ட்கோட் தைக்கலாமா என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

அளவு கொடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். வெயில் ஊர் என்பதால் நம்மவர்கள் தொளதொள என்று தைத்தால் காற்று வரும் என்று நினைத்து அக்குளைக் கீழே இறக்கி வெட்டுவார்கள். அக்குள் கீழே இருந்தால் கையைத் தூக்கும்போது கோட்டே சேர்ந்து மேலே போகும். அக்குள் உயரமாக, ஆனால் முதுகில் ஒரு விரல் தளர்வாக இருக்க வேண்டும். பின்பக்கம் இரண்டு வெட்டு வைக்கச் சொல்லுங்கள், உட்கார்ந்து எழ வசதி, காற்றும் போகும். பிரித்துத் திருத்தும்படி தளர்வாக ஓட்டுத்தையல் போட்டிருக்கும்போது ஒரு ட்ரையல், முடிப்பதற்கு முன் இன்னொரு ட்ரையல், இரண்டுக்கும் போடப்போகிற சட்டை, ஷூவோடு சாயங்காலம் போங்கள். அங்கே கண்ணாடி முன் விறைப்பாக நின்று பார்ப்பதோடு விடாமல், ஏலத்தில் அட்டையைத் தூக்குவது மாதிரி கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், கும்பிடுங்கள். நான் கும்பிட்டபோது முதல் சூட்டில் முதுகில் 'டர்'ரென்று சத்தம் வந்தது.

எப்போது தைப்பது என்றால், ஆடி. சிரிக்காதீர்கள். முகூர்த்தம் கிடையாது, தையற்காரர் சும்மா இருப்பார், பொறுமையாக இரண்டு ட்ரையல் தருவார், துணிக்கடையில் தள்ளுபடியும் உண்டு. ஐப்பசியில் போனால் தீபாவளி அவசரத்தில் உங்கள் கோட்டை யாரோ பையனிடம் தள்ளிவிடுவார்கள். நம் ஊரில் பெரும்பாலான விருந்து டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வரும், நிறைய நேரம் இருக்கிறது.

அழைப்பிதழில் 'பிளாக் டை', அதாவது டக்ஸீடோவும் கறுப்பு போ டையும் போட்டு வாருங்கள் என்று இருந்தால் பயந்து புது டக்ஸீடோ தைக்க வேண்டாம். பெரும்பாலும் 'ஆப்ஷனல்' என்று பக்கத்திலேயே இருக்கும், நள்ளிரவு நீலத்துக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை போதும். இந்த உடைக்கே வெயில் தாங்காமல் செங்கடலில் போன பிரிட்டிஷ் கடற்படைக்காரர்கள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையும் இடுப்பில் சுற்றும் அகலப் பட்டையான கமர்பந்துமாக விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள், அந்தக் கமர்பந்தே பாரசீகச் சொல், கமர் என்றால் இடுப்பு. நிஜமாகவே சூட் வேண்டாம் என்று தோன்றினால் பட்டு வேட்டி சட்டையில் தாராளமாகப் போகலாம். 2014ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சேப்பாக்கத்தில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை, அந்தக் களேபரத்துக்குப் பிறகு அதே வருடம் சட்டமன்றத்தில் சட்டமே போட்டார்கள், வேட்டிக்காக உங்களை வாசலில் நிறுத்த முடியாது. எங்கள் அறக்கட்டளைத் தலைவர் எப்போதும் வேட்டிதான், நாங்கள் எல்லாரும் வியர்த்து வழியும்போது அவர் மட்டும் விசிறி இல்லாமலே உட்கார்ந்திருப்பார்.

உள்ளே கை வைத்த காட்டன் பனியன் போடுங்கள். கையில்லாத பனியன் அக்குளைக் காப்பாற்றாது. சட்டை வெள்ளை பாப்ளின், வெளிர் நீலத்தில் வியர்வைத் திட்டு அப்படியே தெரியும். காரில் போகும்போது கோட்டைப் போடாமல் பின்னால் தொங்கவிட்டு, இறங்கி வியர்வை அடங்கிய பிறகு மாட்டுங்கள். புல்வெளி விருந்து என்றால் முதல் அரை மணி நேரம் ஃபேன் இருக்கும் பக்கம் பார்த்து நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உறைக்குள் கண்டிப்பாக வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். அகலமான ஹேங்கரில் ஃபேனுக்குக் கீழே ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் பிரஷ் போட்டு, காட்டன் உறையில் இரண்டு பாச்சை உருண்டையோடு வையுங்கள். ட்ரை கிளீனிங் வருடத்துக்கு ஒரு தடவை போதும். உங்கள் விருந்து எந்த மாதம், ஹாலா வெளியிலா என்று கமென்டில் சொல்லுங்கள், மார்ச்சுக்கு மேல் வெளியில் என்றால் வேட்டி பக்கம்தான் என் ஓட்டு.