அம்மாவின் சனிக்கிழமைப் படம்: அப்பா பாதியில் எழுந்து போனால்?

சனிக்கிழமைப் படத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். நிறுத்த வேண்டாம், முழுப் படம் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அம்மா இருந்தபோது போலவே கடலூர் வீட்டில் சனிக்கிழமை இரவு படம் போடுகிறீர்கள், அப்பா இடைவேளைக்கு முன்பே எழுந்துவிடுகிறார் என்கிறீர்கள். போடுவதெல்லாம் அம்மாவுக்குப் பிடித்த படங்கள். அவர் எந்த வசனத்துக்குச் சிரிப்பார் என்பது அப்பாவுக்கு மனப்பாடம். அந்த இடம் நெருங்கும்போது உட்கார முடியாமல் போகிறதோ என்னவோ.

இந்த வாரம் ரிமோட்டை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் தயங்கினால், 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி மட்டும் போதும். அம்மாவின் நாற்காலியைக் காலியாக வைக்காதீர்கள், பேரன் உட்காரட்டும். வறுத்த பண்ருட்டி முந்திரி இருந்தால் இன்னும் நல்லது.

அப்பாவுக்குச் சாப்பாடும் தூக்கமும் குறைந்திருந்தால் மட்டும் இது போதாது. புதுச்சேரி ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.