ஒரே ஆண்டில் வெளியான அயல்மொழிப் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை?

கேள்வியைக் கேட்டவர் ஆங்கிலத்தையும் இந்திய மொழிகளையும் ஒதுக்கிவிட்டு, ஏதாவது ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து அந்த ஆண்டின் படங்களை மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறார். நான் 1999-ஐத் தேர்ந்தெடுக்கிறேன். கேட்டவர் இளைஞராக இருக்க வேண்டும், கைப்பேசியிலேயே எந்த நாட்டுப் படத்தையும் பார்க்க முடிகிற ஊரில் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, அண்மையில் ஓய்வு பெற்றவள். 1999-இல் இந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. எல்லாமே பத்தாண்டுகள் கழித்து, கோயம்புத்தூரில் வேலை பார்த்த என் தம்பி வாங்கிக் கொடுத்த குறுந்தகடுகளில் பார்த்தவை.

சீன இயக்குநர் ஜாங் யீமோ அந்த ஓராண்டிலேயே தந்த ‘நாட் ஒன் லெஸ்’, ‘தி ரோட் ஹோம்’ ஆகிய இரண்டு படங்கள், ஈரானின் மஜீத் மஜீதி எடுத்த ‘தி கலர் ஆஃப் பாரடைஸ்’, அப்பாஸ் கியரோஸ்தமியின் ‘தி விண்ட் வில் கேரி அஸ்’, பெல்ஜியத்தின் டார்டென் சகோதரர்கள் எடுத்த ‘ரோசெட்டா’ ஆகிய ஐந்தும் என் பட்டியல். அந்த ஆண்டுக்கான அயல்மொழிப் பட ஆஸ்கர் விருது ஸ்பெயின் நாட்டின் பெட்ரோ அல்மோதோவார் இயக்கிய ‘ஆல் அபௌட் மை மதர்’ படத்துக்குக் கிடைத்தது. அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்பவர்கள் நிச்சயம் வருவார்கள். அது மிக நல்ல படம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பிடித்தவற்றைக் கேட்டதால் பிடித்தவற்றைச் சொல்கிறேன். ஆசிரியை என்பதால் பள்ளிக்கூடப் படங்களாகவே பொறுக்கியிருக்கிறாள் என்றும் சொல்லக்கூடும். அது பெருமளவு உண்மைதான், அதற்காக நான் வருந்தவில்லை.

‘நாட் ஒன் லெஸ்’ படத்தின் சீனப் பெயருக்கு ‘ஒருவர்கூடக் குறையக் கூடாது’ என்று பொருள். ஒரு மலைக்கிராமத்தில் ஒரே ஓர் ஆசிரியர் இருக்கிறார். நோயுற்ற தாயைப் பார்க்க அவர் ஒரு மாத விடுப்பில் போக வேண்டியிருக்கிறது. அவருக்குப் பதிலாக வர யாரும் கிடைக்காததால், வெய் மின்ஜி என்ற பதின்மூன்று வயதுச் சிறுமியைக் கூட்டிவருகிறார்கள். ஆசிரியர் போகும்போது நாளுக்கு ஒன்று என்று சாக்பீஸை எண்ணிக் கொடுக்கிறார். தான் திரும்பி வரும்போது ஒரு பிள்ளையும் குறையாமல் இருந்தால் பேசிய ஐம்பது யுவானுக்கு மேல் பத்து யுவான் தருவதாகச் சொல்கிறார். குறும்புக்காரப் பையன் ஒருவன் குடும்பக் கடனுக்காக நகரத்துக்கு வேலைக்குப் போய்விட, வெய் அவனைத் தேடிப் புறப்படுகிறாள். பேருந்துக் கட்டணத்துக்காக வகுப்பே ஒரு செங்கல் சூளைக்குப் போய்க் கல் அடுக்குகிறது. எத்தனை கல் சுமந்தால் எத்தனை பணம் வரும், எத்தனை மணி நேரம் ஆகும் என்று பிள்ளைகள் கரும்பலகையில் போடும் கணக்குதான் அந்தப் பள்ளியில் நடக்கும் முதல் உண்மையான பாடம். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். பெரும்பாலோர் தம் சொந்தப் பெயரிலேயே, தம் வாழ்வுக்கு நெருக்கமான பாத்திரங்களில் வருகிறார்கள். இது சீன அரசுக்குச் சாதகமான படம் என்று சிலர் எழுதியதை நானும் படித்திருக்கிறேன். தம் படங்களை அரசுக்கு ஆதரவா எதிர்ப்பா என்ற ஒரே கண்ணால் பார்க்கிறார்கள் என்று சொல்லி ஜாங் யீமோ அந்த ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவிலிருந்து இரண்டு படங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னர் வெனிஸ் திரைப்பட விழாவில் ‘நாட் ஒன் லெஸ்’ படத்துக்கு அங்கு தரப்படும் முதன்மை விருதான தங்கச் சிங்கம் கிடைத்தது. ஆனால் விருதுக்காக இந்தப் படம் என் மனத்தில் தங்கவில்லை.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழை, இந்த மலையில் இருந்தவர்கள் எவருக்கும் மறக்காது. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. மாவட்டத்தில் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பள்ளியை ஒட்டிய, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இரண்டின் பின்சுவர் சரிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டில் ஒரு வீட்டின் பையன் என் எட்டாம் வகுப்பில் படித்தான். சுவரைத் திரும்ப எழுப்ப வாங்கிய கடனுக்காக, டிசம்பர் கடைசியில், உறவினர் ஒருவருடன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே நாள்தோறும் ‘வ’ என்ற எழுத்துக்குப் பதில் ஒரு கோடு போட்டு வந்தேன். நீண்ட நாள் வராதவர் பட்டியலை மாத இறுதியில் அனுப்பினேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகவே அப்போது நினைத்தேன்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் புரொஜெக்டரை இரவல் வாங்கி, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டினேன். கரும்பலகையின்மேல் என் கணவரின் வெள்ளை வேட்டியைக் கட்டினோம். உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாக மூடுபனி உள்ளே வந்து, புரொஜெக்டரின் வெளிச்சம் கையால் பிடிக்கலாம் போலக் கெட்டியாகத் தெரிந்தது. பின்பெஞ்சுப் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு அந்த ஒளிக்குள் விரல்களை விட்டு விளையாடினார்கள். பேச்சு சீன மொழியில் இருந்தது, அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. நான் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். ஒன்றே முக்கால் மணி நேரப் படம், நிறுத்தி நிறுத்திச் சொன்னதில் மூன்று மணி நேரம் ஆனது. பாதிக்கு மேல் பிள்ளைகளே, “நீங்க சொல்ல வேண்டாம் டீச்சர், தெரியுது” என்று சொல்லிவிட்டார்கள். தொலைக்காட்சி நிலைய வாசலில் வெய் நின்றுகொண்டு, போகிற வருகிற ஒவ்வொருவரிடமும், “நீங்கள்தான் மேலாளரா?” என்று கேட்கும் காட்சியில் ஒருவரும் பேசவில்லை.

படம் முடிந்து வேட்டியை மடித்துக்கொண்டிருந்தபோது, முன்பெஞ்சில் இருந்த பெண் ஒருத்தி, “திருப்பூருக்கு எவ்வளவு டீச்சர்?” என்று கேட்டாள். நான் முதலில் தூரத்தைச் சொன்னேன். “தூரம் இல்ல டீச்சர், டிக்கெட்டு” என்றாள். எனக்கு வாய் எழவில்லை. அதற்குள் இன்னொருவன் எழுந்துபோய்க் கரும்பலகையில் கணக்குப் போடத் தொடங்கினான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து அன்னூர், அவிநாசி வழியாகத் திருப்பூர். டீச்சரும் அவன் அம்மாவும் போக இரண்டு பேர், திரும்பி வர மூன்று பேர், ஆக ஒரு வழிக் கட்டணம் ஐந்து. ஒரு கிலோ கொழுந்து பறித்தால் என்ன கூலி என்று அந்த வகுப்பில் தெரியாத பிள்ளை கிடையாது. எத்தனை கிலோ என்றும் கண்டுபிடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் என் மேசைமேல் தாளில் சுற்றிய சில்லறை இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமையே, திருப்பூருக்குப் போன பையனின் அம்மாவுடன் போனேன். கம்பெனி வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. மதிய உணவு மணி அடித்த பிறகு அவனே வெளியே வந்தான். இரண்டே மாதத்தில் உயரமாகியிருந்தான், சட்டையிலும் தலைமுடியிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. முதலில் பிசிறு வெட்டினேன், இப்போது டைலருக்குக் கைமடி (உதவியாள்) என்று பெருமையாகச் சொன்னான். எதிர்க்கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். அம்மா அழவில்லை, அவன் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தார். கடன் தீர்ந்ததும் வந்துவிடுவேன் டீச்சர் என்றான். நாங்கள் இரண்டு பேராகவே திரும்பினோம். மிச்சமான ஒரு டிக்கெட் பணத்தை அதே தாளில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த வகுப்பு பள்ளியை விட்டுப் போகும் வரை அது அங்கேயே இருந்தது. அவன் வரவில்லை. பதிவேட்டில் கோடு போட்ட முதல் வாரத்திலேயே நான் போயிருந்தால் வந்திருப்பான் என்று இன்றும் நம்புகிறேன்.

சில வாரங்கள் கழித்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், பள்ளி நேரத்தில் சீனப் படம் காட்டியது ஏன் என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். இதனால் எந்தப் பாடத்தில் மதிப்பெண் கூடும் என்று பிள்ளைகளின் முன்னாலேயே கேட்டார். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அது என்ன ஆயிற்றோ, அதன்பின் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களை அரசே திரையிடுகிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்த நாளில் இல்லையே என்ற வருத்தமும் உண்டு. இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த ஐந்து படங்களில் ஒன்றைக்கூடத் தமிழ்த் துணைத்தலைப்புடன் நான் பார்த்ததில்லை. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியின் பிள்ளை, ஓர் ஈரானியச் சிறுவனின் பேச்சை ஆங்கிலம் வழியாகவோ பக்கத்தில் நிற்கும் டீச்சர் வழியாகவோதான் கேட்க வேண்டும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

‘தி ரோட் ஹோம்’ படத்தை நான் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை, எனக்காக மட்டும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊர்ப் பள்ளி ஆசிரியர் இறந்துவிடுகிறார். பழைய வழக்கப்படி அவரது சவப்பெட்டியை ஊருக்குக் கால்நடையாகத் தூக்கி வர வேண்டும் என்று அவர் மனைவி பிடிவாதமாக இருக்கிறார். இன்றைய கதை கறுப்பு வெள்ளையிலும், அந்த அம்மா இளம்பெண்ணாக இருந்த கதை வண்ணத்திலும் வருகிறது. அந்த இளம்பெண்ணாக நடித்த ஜாங் ஸீயீ என்ற நடிகைக்கு இதுவே முதல் படம். ஆசிரியர் சாப்பிடுவதற்காக அவள் எடுத்துப்போன பீங்கான் கிண்ணம் உடைந்துவிடுகிறது. அவளுடைய கண் தெரியாத அம்மா, ஊர் ஊராக வரும் கிண்ணம் ஒட்டுபவரைக் கூப்பிட்டு, காசைப் பற்றிக் கவலைப்படாமல் அதைச் சரிசெய்யச் சொல்கிறார். அவர் வில்போன்ற கருவியால் பீங்கானில் சிறுசிறு துளை போட்டு, உடைந்த துண்டுகளைச் சேர்த்துக் கம்பி ஆணிகளால் தைக்கும் வேலையைப் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது. கடைசியில் பனிப்புயலில் பெட்டியைத் தூக்க, அந்த ஆசிரியரிடம் படித்தவர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கூலி கொடுத்தால் ஒருவரும் வாங்கவில்லை. வண்டி போகாத எங்கள் லைன்களில் இன்றும் நோயாளியையும் இறந்தவரையும் தோளில்தான் கொண்டுவருகிறோம். அதனால் அந்தக் காட்சியில் பாரம் எந்தத் தோளில் எப்போது மாறுகிறது என்பதைத்தான் என் கண் பார்த்துக்கொண்டிருக்கும்.

‘தி கலர் ஆஃப் பாரடைஸ்’ படத்தின் பாரசீகப் பெயருக்குக் ‘கடவுளின் நிறம்’ என்று பொருள். பார்வையற்ற சிறுவன் முகம்மது, டெஹ்ரானில் உள்ள பள்ளியிலிருந்து விடுமுறைக்காக வடக்கு ஈரானின் மலைக்கிராமத்துக்கு வருகிறான். ஆற்றுக் கூழாங்கல்லையும் கோதுமைக் கதிரையும் பிரெயில் எழுத்தைப் போல விரலால் தடவிப் படிக்கிறான். நடித்த பையனும் உண்மையாகவே பார்வையற்றவன். பிள்ளைகளுக்குக் காட்ட நான் மிகவும் ஆசைப்பட்ட படம் இது. ஆனால் கடைசியில் மரப்பாலம் முறிந்து அவனை வெள்ளம் அடித்துப்போகும் காட்சி இருக்கிறது. மழைச் சத்தம் கேட்டாலே ஜன்னலைப் பார்க்கும் பிள்ளைகள் அப்போது என் வகுப்பில் இருந்தார்கள். எனவே, கீழே விழுந்த பறவைக் குஞ்சை அவன் மரத்தில் ஏறிக் கூட்டில் வைக்கும் முதல் பகுதியை மட்டும் காட்டி நிறுத்தினேன். படத்தை வெட்டிக் காட்டுவது பிழை என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

கியரோஸ்தமியின் படத்தில், குர்திஸ்தான் கிராமம் ஒன்றில் ஒரு கிழவியின் சாவுக்காகக் காத்திருக்கும் நகரத்துக்காரர், கைப்பேசி அழைப்பு வரும்போதெல்லாம் சிக்னலுக்காக வண்டியை ஓட்டிக்கொண்டு மேட்டிலுள்ள இடுகாட்டுக்கு ஏறுவார். 2020-இல் இணையவழி வகுப்புக்காக எங்கள் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி மேட்டில் குடை பிடித்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர்தான். மெதுவாகப் போகும் படம், முதல் தடவையில் பிடிக்காமல் போகலாம். கான் விழாவின் முதன்மை விருதான தங்கப்பனையைப் பெற்ற ‘ரோசெட்டா’, ஒரு வேலைக்காக எதையும் செய்யத் துணியும் இளம்பெண்ணின் கதை. மிகவும் பிடிக்கும், ஆனால் திருப்பூர் வாசலில் நின்று வந்த பிறகு அதை இரண்டாம் முறை பார்க்க என்னால் முடியவில்லை.

‘நாட் ஒன் லெஸ்’ படத்திலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் வீட்டில் உள்ள சிறுவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்களே வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டு பாருங்கள். கதை முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். நன்கொடையாக வந்த வண்ணச் சாக்பீஸில் ஒவ்வொரு பிள்ளையும் கரும்பலகைக்கு வந்து ஆளுக்கு ஓர் எழுத்து எழுதும் காட்சி கடைசியில்தான் வரும். திரும்பி வந்த பையன் மட்டும் மூன்று சீன எழுத்து எழுதுவான்: ‘வெய் ஆசிரியை’.