முதுகுக்கு அடியில் என்ன இருக்கிறது?

கூடார முகாம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் முதன்முறையாகக் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கப் போகிறோம். எங்கே பார்த்தாலும் நூறு பொருள்கள் கொண்ட பட்டியல்தான் கிடைக்கிறது. உண்மையில் எவை இல்லாமல் முடியாது?

பதில்: இரவை நினைத்துக்கொண்டு பையைக் கட்டுங்கள். பகலில் எது குறைந்தாலும் சமாளித்துவிடலாம். யாரிடமாவது இரவல் வாங்கலாம், இல்லாமலும் இருந்துவிடலாம். குளிரும் ஈரமும் இருட்டும் சேர்ந்துகொண்ட நடுநிசியில் அது நடக்காது. ஆகவே முதலில் கூடாரம், முதுகுக்கு அடியில் மெத்தை அல்லது ஃபோம் பாய், மேலே உறக்கப்பை, தூங்குவதற்கென்றே தனியாக ஓர் உலர்ந்த உடை, தலையில் மாட்டும் விளக்கு, குடிநீர், மழைச்சட்டை, அவரவர் மருந்துகள். இவை ஏறிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில்தான் மடக்கு நாற்காலியும் சீட்டுக்கட்டும்.

கூடாரத்தின் உறையில் ‘4 பேர்’ என்று போட்டிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று பொருள். பைகளும் காலணிகளும் அந்தக் கணக்கில் சேராது. உங்களுக்கு 6 பேர் கூடாரம் ஒன்று, அல்லது 3 பேர் கூடாரம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கினாலும் சரி, இரவல் பெற்றாலும் சரி, புறப்படுவதற்கு முன்பே ஒருமுறை முழுதாக அடித்துப் பாருங்கள். கம்புகள் எல்லாம் இருக்கின்றனவா, முளைகள் எத்தனை, மேல்மறைப்பில் கிழிசல் உண்டா, ஜிப் சிக்காமல் ஓடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நான் அழைத்துச் செல்லும் குழுக்களில், இந்த ஒத்திகை முடியாத கூடாரத்தை வண்டியில் ஏற்ற விடுவதே இல்லை.

கேள்வி: ‘5 டிகிரி’ என்று அச்சிட்ட உறக்கப்பையை வாங்கினேன். அவ்வளவு குளிர் இல்லாத இரவிலேயே விடிய விடிய நடுங்கினேன். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. எதன்மேல் படுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை; என் சந்தேகம் முழுவதும் அங்கேதான்.

உறக்கப்பை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. படுத்தவுடன் முதுகும் இடுப்பும் அந்தப் பஞ்சை நசுக்கிவிடுகின்றன. காற்றுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. மேல்பக்கம் எத்தனை தடிமனாக இருந்தாலும், அடிப்பக்கத்தில் உங்களுக்கும் குளிர்ந்த மண்ணுக்கும் நடுவே இரண்டு மெல்லிய துணிகள்தான் மிஞ்சும். மண் இரவு முழுவதும் உங்கள் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே இன்னொரு போர்வை போட்டும் குளிர் விடவில்லை என்று பலர் சொல்வது இதனால்தான். அந்தப் போர்வையை எடுத்துக் கீழே விரித்திருந்தால் பலன் கிடைத்திருக்கும்.

மெத்தை வாங்கும்போது அதன் ‘ஆர் மதிப்பு’ என்ன என்று கேளுங்கள். வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண் அது. கூடக் கூட நல்லது. இதமான இரவுகளுக்கு 2 அளவில் இருந்தால் போதும். பூஜ்ய டிகிரியை நெருங்கும் இடங்களுக்கு 4 அல்லது அதற்கு மேல் வேண்டும். இரண்டு விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டின் மதிப்பும் கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காற்றடிக்கும் பெரிய மெத்தை பார்க்கச் சொகுசாக இருக்கும். ஆனால் உள்ளே வெப்பத்தடுப்பு ஏதும் இல்லாத வகையாக இருந்தால், அதற்குள் காற்று சுழன்று சூட்டைக் கீழே கொண்டுபோய் விட்டுவிடும். எளிய ஃபோம் பாய் பஞ்சராகாது, விலையும் குறைவு. முதல் பயணத்துக்கு என் வாக்கு அதற்கே. காற்று மெத்தைதான் வேண்டுமென்றால், ஒருக்களித்துப் படுத்து, இடுப்பெலும்பு தரையில் படாத அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குமேல் இறுக்கமாக ஊத வேண்டாம், உருண்டு விழுவீர்கள்.

இனி அந்த 5 டிகிரி. ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தர அளவீட்டின்படி சோதித்த பைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும்: சௌகரியமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை, உடலைக் குறுக்கிக்கொண்டு ஒப்பேற்றக்கூடிய எல்லை, உயிரை மட்டும் காத்துக்கொள்ளக்கூடிய கடைசி அளவு. பையின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் எண்ணாக இருக்காது. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் சௌகரிய எண்ணைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் நம்புங்கள். அந்தச் சோதனையே உடலுக்குக் கீழே மெத்தை விரித்துத்தான் நடக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கூடாரத்துக்கு அடியில் போடும் தார்ப்பாய், கூடாரத்தைவிடப் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

பதில்: இல்லை, கெடுதல். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழைநீரைத் தட்டுபோல ஏந்தி நேராக உங்களுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். கூடாரத்தின் தரையைவிட எல்லாப் பக்கமும் ஓரிரு அங்குலம் சிறிதாக இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். வெட்ட மனமில்லை என்றால் ஓரங்களைக் கீழ்ப்பக்கமாக மடித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் தோழிகளுடன் முகாமுக்குப் போகிறாள். மழை பிடித்துக்கொண்டால் கூடாரத்துக்குள்ளேயே சிறிய கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது, அம்மா. ஒரு நிமிடம்கூட வேண்டாம், வாசல் திறந்திருந்தாலும் வேண்டாம். கூடாரத் துணி தீப்பற்றும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கார்பன் மோனாக்சைடு. அடுப்பும் கரியும் எரியும்போது வரும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரை அது எழுப்புவதும் இல்லை. எரிந்து முடிந்ததாகத் தோன்றும் கரிக்கங்கும் இதை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். குளிர்காயலாம் என்று அந்தச் சட்டியை உள்ளே எடுத்துவைத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று யாராவது சொன்னால் எல்லோரும் உடனே திறந்தவெளிக்கு வந்துவிட வேண்டும், மருத்துவ உதவியைத் தேட வேண்டும். இதை மகளிடம் மட்டுமல்ல, தோழிகள் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் கை யாருடையதாக இருக்கும் என்று நமக்குத் தெரியாதே.

மழைக்கு வழி வேறு இருக்கிறது. சமைக்காமலே சாப்பிடக்கூடிய உணவு ஒரு வேளைக்கேனும் ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். எத்தனை உடை எடுப்பது? ஜீன்ஸ், டி-ஷர்ட் போதுமா?

பதில்: எண்ணிக்கையைவிடத் துணிதான் முக்கியம், தம்பி. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காய நேரமெடுக்கும். நனைந்த ஜீன்ஸுடன் மாலைக் குளிரில் நிற்பது உடம்புக்கு ஆகாது. வெயில் காலத்தில் பரவாயில்லை, குளிரும் இடத்துக்கு ஜீன்ஸ் வேண்டாம். உடம்பை ஒட்டிப் பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, அதன்மேல் ஒரு கதகதப்பான சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மழைச்சட்டை. மலை ஏறுகிறீர்கள் என்றால் 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

தூங்கும் உடை என்று முதல் பதிலில் சொன்னேனே, அதை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் போடாதீர்கள். காலுறையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிவையுங்கள். முதுகுப்பைக்குள் முதலில் ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பையை இறக்கி, அதற்குள் உறக்கப்பையையும் இந்த உடையையும் அடியில் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். வெளியே மாட்டும் மழை உறையைவிட இதுதான் நம்பகமானது. உறை காற்றில் பறக்கும், முதுகுப் பக்கமாக நீர் இறங்கும். கூடாரம் எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பிளாஸ்டிக் பைக்கு வெளியே இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் முதலில் வெளியே வர வேண்டியது அது. திரும்பும்போது ஈரமாகக் கடைசியில் உள்ளே போவதும் அதுவே.

கேள்வி: கைப்பேசி டார்ச் இருக்கும்போது தனி விளக்கு எதற்கு?

பதில்: முளை அடிக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை. மூன்றாவது கை உங்களிடம் இருக்கிறதா? அவசரத்தில் அழைக்க வேண்டிய கருவியின் பேட்டரியை வெளிச்சத்துக்குச் செலவழிக்கவும் கூடாது. தலைவிளக்கும் மாற்று பேட்டரியும் ஆளுக்கொன்று வேண்டும். பயணத்தின்போது பைக்குள் தானாக எரியாமலிருக்க பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு சுமப்பது?

பதில்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் இன்னும் கூடும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதனால் முகாமிடத்தில் நீர் உண்டா என்று முன்கூட்டியே விசாரிப்பதுதான் முதல் வேலை. ஓடைநீர் தெளிவாகத் தெரிந்தாலும் கொதிக்கவையுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம்.

கேள்வி: பட்டியல்களில் விட்டுப்போகும் சின்னப் பொருள்கள் ஏதாவது?

பதில்: மாற்று முளைகள் நான்கு. மண்ணில் முளையைச் செங்குத்தாக அடிக்காமல், தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி அடியுங்கள். கயிறு இழுக்க இழுக்க நிற்கும். பத்து மீட்டர் நைலான் கயிறு, கிழிசலுக்கு அகலமான ஒட்டுநாடா, முள் எடுக்கும் இடுக்கி. குப்பைப் பைகள் இரண்டு, கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவர. கழிப்பறை இல்லாத இடமென்றால் ஒரு சிறு மண்வெட்டிக் கரண்டி: ஓடையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். ஒரு பழைய துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கூடாரத்தின் உள்சுவரில் நீர் கோத்திருக்கும். அது ஒழுகல் அல்ல, உங்கள் மூச்சின் ஈரம்தான். துடைத்துவிட்டு மடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தை மறுபடி பிரித்து ஒரு நாள் நிழலில் காயப்போட்ட பிறகே உறையில் போட வேண்டும். ஈரத்தோடு வைத்தால் அடுத்த பயணத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.