நுண்குழாய் கலைந்தும் ஆல்புமின் வெளியே வருவது ஏன்?

கேள்வி: ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெப்ஜி2 கல்லீரல் செல்களுக்கு, நுண்குழாய்களைக் கலைக்கும் நோகோடசோல் மருந்தைக் கொடுத்தும், கல்லீரல் சுரக்கும் இரத்தப் புரதமான ஆல்புமின் வளர்ப்பு ஊடகத்தில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: செய்திருக்கலாம். நுண்குழாய்கள் செல்லுக்குள் சரக்குப் பைகள் ஓடும் தண்டவாளங்கள். அவை கலைந்தால் சுரப்பு தாமதமாகும், அடியோடு நிற்காது. புரதங்களைப் பக்குவப்படுத்தி வெளியே அனுப்பும் கோல்கி, உட்கருவை ஒட்டித் திரண்டிருந்தது, சிறு அடுக்குகளாகச் சிதறி, புரதம் உருவாகும் அகப்பிளாஸ்ம வலையிலிருந்து அது புறப்படும் வாசல்களின் அருகிலேயே அமர்ந்துவிடும். பாதையின் நீளம் குறைந்துவிடுவதால் புரதம் எப்படியோ கடந்துபோகிறது.

இந்தத் தாமதம் 24 மணி நேரம் சேர்த்த ஊடகத்தில் சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில் உருவாகும் புரதத்தை மட்டும் அடையாளமிட, கதிரியக்க மெத்தியோனினை (ஓர் அமினோ அமிலம்) 10 நிமிடம் கொடுத்து, பிறகு சாதாரண மெத்தியோனினை மிகுதியாகச் சேர்த்து 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் செல்லையும் ஊடகத்தையும் தனித்தனியே எடுங்கள். நோகோடசோல் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது சுமார் 33 மைக்ரோமோலார். ஒரு மணி நேரம் முன்னதாகவே கொடுக்கவும். ஒப்பீட்டுத் தட்டுக்கு, மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும் அதே அளவு.

பலர் சறுக்குவது ஊடகம் மாற்றும்போதுதான். நோகோடசோல் கழுவினால் போய்விடும். சில நிமிடங்களில் நுண்குழாய்கள் மறுபடி முளைக்கும். ஆகவே முன்னதாகக் கொடுக்கும் மெத்தியோனின் இல்லாத ஊடகம், கதிரியக்க ஊடகம், சாதாரண மெத்தியோனின் மிகுந்த அடுத்த ஊடகம் மூன்றிலும் மருந்து இருக்க வேண்டும். ஒரு தட்டை, நுண்குழாயின் புரதமான டியூபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருளால் சாயமேற்றிப் பாருங்கள்: அசிட்டைல் என்னும் வேதித்தொகுதி ஏறிய குழாய்கள் சில மிஞ்சி நிற்பதுண்டு. நிலைப்படுத்துவதற்கு முன் குளிர்ந்த கரைசலால் கழுவினால் ஒப்பீட்டுச் செல்களிலும் குழாய்கள் கலையும். 37 டிகிரிக் கரைசலே சரி.

இரவு முழுக்க மருந்தில் விடாதீர்கள். பிரியும் செல்கள் மைட்டோசிஸில் முடங்கி, உருண்டு, கழுவும்போது உதிரும். செல் குறைந்ததைச் சுரப்பு குறைந்ததாக எண்ணிவிடுவோம்.

கேள்வி: எல்லாப் புரதமும் இப்படித்தான் தப்பிக்குமா?

பதில்: இல்லை. கல்லீரல் செல்லில் பித்தப் பக்கத்துக்கு உரிய பல சவ்வுப் புரதங்கள் முதலில் இரத்தப் பக்கச் சவ்வுக்குப் போய், அங்கிருந்து பைகளில் செல்லைக் குறுக்கே கடக்கின்றன. இந்த நெடும்பயணத்துக்குக் குறுக்குவழி கிடையாது. நுண்குழாய் போனால் பெரிதும் அடிபடுவது இதுதான். டைபெப்டிடில் பெப்டிடேஸ் 4 என்னும் சவ்வுப் புரதம் நல்ல உதாரணம். இதைப் பார்க்க, பக்கங்கள் தெளிவாகப் பிரிந்த டபிள்யூஐஎஃப்-பி செல்கள் ஹெப்ஜி2-வைவிட மேல்.

கேள்வி: ஆல்புமின் கோல்கியை அடைந்ததா என்று, கோல்கியில் இன்னும் மாறாத சர்க்கரைச் சங்கிலிகளை மட்டும் புரதத்திலிருந்து வெட்டும் எண்டோ எச் நொதியால் அறியலாமா?

பதில்: முடியாது. ஆல்புமினில் சர்க்கரைச் சங்கிலியே இல்லை. சர்க்கரைச் சங்கிலி உள்ள ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.