லோகோவிலேயே நிற்கும் போன்: 'சாப்ட்வேர் அடிக்கணும்' என்றால் என்ன கேட்பது?

கேள்வி: அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்து தந்த சாம்சங் போன். இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கம்பெனி பெயர் வருகிறது, அணைகிறது, மறுபடி வருகிறது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் காட்டினேன். "சாப்ட்வேர் அடிக்கணும், 1,200 ரூபாய் ஆகும், உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும்" என்றார்கள். அப்பா தவறுவதற்கு முன் எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. கொடுக்கலாமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். சாப்ட்வேர் அடிப்பது, அதாவது போனை இயக்கும் சிஸ்டத்தை மறுபடி ஏற்றுவது வேறு, உள்ளே இருப்பதை அழிப்பது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல் கடைகளில் சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு இது நடந்திருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் என் போனும் இப்படித்தான் லோகோவில் நின்றது. ஒரு கடையில் கொடுத்துவிட்டு எதிரில் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது புதுப் போன் மாதிரி 'எந்த மொழி வேண்டும்' என்று திரையில் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் நடை பழகிய நாளின் வீடியோ அதோடு போயிற்று. அழிக்கப்போகிறோம் என்று அந்தக் கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வேறொரு போனில் உங்கள் ஜிமெயிலைப் போட்டு, கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்கள். தானாகப் பதிவேறும்படி வைத்திருந்தால் படங்கள் அங்கே பத்திரமாக இருக்கும். மெமரி கார்டு போட்டிருந்தால் கழற்றித் தனியே வையுங்கள்.

அடுத்து, நல்ல சார்ஜரில் அரை மணி நேரம் போடுங்கள். பிறகு சத்தம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து 20 விநாடி வரை அழுத்திப் பிடியுங்கள். பட்டன்களையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடலுக்குப் போகிறவர்களின் போனில் பவர் பட்டன் இடுக்கில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். பட்டன் அமுங்கியபடியே நின்றுவிட்டால் போன் தானாக அணைந்து தானாக ஏறும். அதற்கு எத்தனை தடவை சாப்ட்வேர் அடித்தாலும் பலன் இல்லை, பட்டனைத்தான் மாற்ற வேண்டும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் ரெக்கவரி மெனு, அதாவது போன் முழுதாகத் திறக்காதபோது பழுது நீக்க உள்ளேயே இருக்கும் பட்டியல். போனை கேபிளால் கம்ப்யூட்டரில் இணையுங்கள். புதிய சாம்சங் போன்களில் இப்படி இணைக்காவிட்டால் அந்த மெனு வராது. சத்தம் குறைக்கும் பட்டனையும் பவரையும் பிடித்து, திரை கறுத்த கணமே சத்தம் கூட்டும் பட்டனுக்கு விரலை மாற்றுங்கள். பவரை விட்டுவிடக் கூடாது. கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' இருந்தால் அதைக் கொடுக்கலாம், தற்காலிகக் கோப்புகளை மட்டும் துடைக்கும், படங்களைத் தொடாது. 'ரிப்பேர் ஆப்ஸ்' இருந்தால் அதையும் செய்து பார்க்கலாம். அதே பட்டியலில் 'வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்' என்று ஒரு வரி இருக்கும். அதன் மேல் கை பட வேண்டாம். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் தகவலெல்லாம் பூட்டப்பட்டே சேமிக்கப்படுகிறது. ரீசெட் செய்தால் பூட்டின் சாவியே அழிந்துவிடும். பிறகு எந்த 'ரெக்கவரி சாப்ட்வேர்' வாங்கினாலும் படம் திரும்பாது.

இதற்கும் மசியாவிட்டால்தான் கடை. அங்கே ஒரே ஒரு கேள்வி: "ஹோம் சிஎஸ்சி வைத்து அடிப்பீர்களா?" சாம்சங் சாப்ட்வேர் பல கோப்புகளாக வரும். அதில் சிஎஸ்சி என்ற கோப்பு இரண்டு வகை. வெறும் சிஎஸ்சி போட்டால் போன் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும். ஹோம் சிஎஸ்சி போட்டால் உங்கள் தகவல் அப்படியே இருக்க, சிஸ்டம் மட்டும் புதிதாக ஏறும். தொழில் தெரிந்தவருக்கு இது உடனே புரியும். புரியாதவரிடம் போனைக் கொடுக்காதீர்கள். உங்களுடையது குவைத் போன் என்பதால் மாடல் எண்ணைச் சொல்லி, அந்த நாட்டுக்கான, இப்போது இருப்பதைவிடப் பழையதல்லாத கோப்பையே ஏற்றச் சொல்லுங்கள். இந்தியக் கோப்பை ஏற்றினால் தகவல் தங்கும் என்று நம்ப முடியாது.

போனைத் திறக்கும் பின் நம்பரைக் கேட்டால் தராதீர்கள். சாப்ட்வேர் அடிக்க அது தேவையே இல்லை. பில்லில் மாடல், ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண், தொகை, இவற்றோடு 'தகவலை அழிக்கக் கூடாது, அழிக்க வேண்டி வந்தால் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்' என்ற வரியையும் எழுதி வாங்குங்கள். போன் திரும்பி வந்ததும் *#06# அடித்து, வரும் ஐஎம்இஐ பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

எழுதித் தந்த பிறகும் கேளாமல் அழித்தால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலும் 2 வருஷத்துக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அந்த பில் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் போன் ஒன்று 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஹேங் ஆனது என்று ரீசெட் செய்தேன். இப்போது யாருடைய ஜிமெயிலையோ கேட்கிறது. 500 ரூபாய்க்குத் திறந்து தருவதாக ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், தக்கலை

பதில்: திருட்டுப் போனைத் தடுக்க கூகுள் வைத்த பூட்டு அது. விற்றவரிடமே கொண்டுபோய், பழைய உரிமையாளரைக் கொண்டு கணக்கை நீக்கித் தரச் சொல்லுங்கள், இல்லையேல் பணத்தைக் கேளுங்கள். 500 ரூபாய் கொடுத்துத் திறக்க வேண்டாம். போன் திருடியதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இன்றே கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு 15 இலக்க ஐஎம்இஐயைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்ட போன் என்று பதில் வந்தால், விற்றவரிடம் அந்த எஸ்எம்எஸ்ஸையும் காட்டுங்கள்.