ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மயலின் எப்படி வளரும்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: ஏழு மாதத்திலேயே பிறந்த பேரனுக்கு நரம்பின் மயலின் உறை இன்னும் முற்றவில்லை என்று கிளினிக்கில் சொன்னார்களாம், அப்படியென்றால் என்ன?

அக்கா, மயலின் என்பது நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை, நரம்பில் செய்தி வேகமாகப் போக உதவுவது. மூளையில் அந்த உறையைச் செய்யும் செல்லுக்கு ஒலிகோடென்ட்ரோசைட் என்று பெயர். நம் தோட்டத்து ரப்பர் கன்று மாதிரிதான், நட்டவுடன் யாரும் பால் சீவ மாட்டார்கள், ஐந்தாறு வருடம் போக வேண்டும். இந்தச் செல்லும் முதலில் மூளையின் உட்குழிகளை ஒட்டி முன்னோடிச் செல்லாகப் பிறந்து, ரத்தக் குழாய்களைப் பற்றிக்கொண்டு தூரமாக நகர்ந்து, பெருகி, அப்புறம்தான் கிளைவிட்டு நரம்பிழைகளைத் தேடுகிறது; இழை கிடைக்காத பல செல்கள் செத்துப்போகும். கிடைத்தால் ஒரே செல் 40, 50 இடங்களில்கூட உறை சுற்றும். கை கால் நரம்புகளில் இந்த வேலை ஷ்வான் செல்லுடையது, அது ஒரு துண்டோடு சரி.

சிக்கல் எங்கே என்றால், கர்ப்பத்தின் 23 முதல் 32 வாரம் வரை அதிகம் இருப்பது பாதி வளர்ந்த செல்கள். ஆக்சிஜன் குறைவையும் தொற்றினால் வரும் அழற்சியையும் அவை லேசில் தாங்காது. சில செத்துப்போகும். அந்த இடத்தை நிரப்பப் புதிய செல்கள் வரும், ஆனால் அவை முற்றாமல் அப்படியே நின்றுவிடலாம், உண்மையான தலைவலி இதுதான்.

நிறைமாதப் பிள்ளைக்கும் உறை முழுதாக இருக்காது. முதுகுத்தண்டும் மூளைத்தண்டும் முந்திக்கொள்ளும், நெற்றிப்பக்க மூளையில் 20 வயது தாண்டியும் வேலை நடக்கும். அதனால் இப்போதே பயப்படாமல், ஸ்கேனில் காயம் ஏதும் தெரிந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள், செக்கப் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.