கெர்சன்: மீட்ட பிறகும் ஏன் அடி விழுகிறது? கேள்வி பதில்

கல்முனை: கெர்சனை உக்ரைன் 2022 நவம்பர் 11இல் மீட்டுவிட்டதே. பிறகும் ஏன் சாவுச் செய்தி?

பதில்: மீட்டது தினிப்ரோ ஆற்றின் ஒரு கரையைத்தான். ரஷ்யப் படை எதிர்க்கரையில் நிற்கிறது. நமக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. 2007 வரை மட்டக்களப்புப் பட்டணம் இராணுவத்திடம், எதிரே படுவான்கரை புலிகளிடம், நடுவில் வாவி. ஆனால் அங்கே ஷெல்லோடு கமரா பூட்டிய சிறு ட்ரோனும் வருகிறது. ஒரு சைக்கிள்காரரைத் தேர்ந்து துரத்தும். இயக்குபவர் ஆளைத் திரையில் பார்த்துக்கொண்டே அடிக்கிறார்; "தவறி விழுந்தது" என்ற சாட்டுக்கு இடமே இல்லை. 2025 மே மாதம் ஐ.நா. விசாரணை ஆணைக்குழு இதை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றே சொன்னது.

களுவாஞ்சிகுடி: ரஷ்யா ஏன் நகரை விட்டுப் போனது?

பதில்: ஆற்றைக் கடந்து அவர்களுக்குச் சாமான் வந்த பாலம் அடிபட்டதால். 1,366 மீட்டர் நீள அந்தோனிவ்கா பாலத்தை 2022 ஜூலையிலிருந்து உக்ரைனின் ஹைமார்ஸ் ரொக்கட்டுகள் துளைத்தன. கனரக வாகனம் போக முடியாமல் மிதவைப் பாதையில் ஏற்றித்தான் ஆற்றைக் கடந்து சாமான் கொண்டுபோனார்கள். அதுவும் அடிபட்டது. போகும்போது மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றையும் உடைத்துவிட்டே போனார்கள். கலைக்கூட ஓவியங்களையும் கிரிமியாவுக்கு ஏற்றினார்கள்.

வாழைச்சேனை: தெருவுக்கு மேலே மீன்வலை கட்டுகிறார்களாமே, அது தாங்குமா?

பதில்: தாங்கும், ஒழுங்காகக் கட்டினால். கம்பம் நட்டு மேலேயும் இரு பக்கமும் வலையால் மூடுவார்கள். ட்ரோனின் விசிறி நூலில் சிக்கினால் விழும், அல்லது வலையிலேயே வெடிக்கும். அதனால் வலை வாகனத்தை ஒட்டித் தொங்கக் கூடாது. கண்ணி ட்ரோனை விடச் சிறிதாக இருக்க வேண்டும். பிரான்சின் பிரிட்டனி மீனவர்களின் பழைய ஆழ்கடல் வலைகளும் உக்ரைனுக்குப் போயிருக்கின்றன. வலை கைவிடும் இடம் ஓட்டைதான். ஒரு வெடிப்பில் நைலோன் உருகித் திறந்துவிட்டால் அடுத்த ட்ரோன் அதற்குள்ளால்தான் வரும். வலை பொத்துகிற வேலை அங்கே ஓய்வதில்லை. மேலிருந்து வரும் ஷெல்லுக்கு வலை ஒன்றும் செய்யாது.

காத்தான்குடி: ட்ரோன் வருவதை முன்பே அறிய வழியில்லையா?

பதில்: சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி உண்டு, ட்ரோனின் ரேடியோ அலையைப் பிடித்துச் சத்தமிடும். ஆனால் சில ட்ரோன்கள் மயிர் போன்ற ஒளியிழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கின்றன. அலை இல்லை, அதனால் கருவிக்கும் கேட்காது, குழப்பவும் முடியாது.

ஏறாவூர்: வீட்டில் பங்கர் இல்லாதவர்கள்?

பதில்: வெளிப்பக்கத்துக்கும் தங்களுக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கும்படி, ஜன்னலில்லாத நடைகூடத்தில் படுப்பார்கள். முதல் சுவர் வெடிப்பை வாங்கும், சிதறலை இரண்டாவது மறிக்கும். கண்ணாடி உள்ள குளியலறை கூடாது. வெளியே போனால் கண் நிலத்தில் இருக்க வேண்டும்: ட்ரோன்கள் போடும் 'இதழ்' மிதிவெடி 12 சென்டிமீட்டர்தான், பச்சையோ மண்ணிறமோ. இலையுதிர்காலத்தில் சருகுக்குள் கிடந்தால் தெரியாது, சருகைக் காலால் தள்ளவே கூடாது.